கதவு சுமந்தவன் கணக்கு

கதவு இரண்டு. ஒட்டகம் நான்கு.
லோத்ரவாவிலிருந்து திரிகூட மலைக்கு ஐந்து கோஸ்.
ஒட்டகத்துக்கு இரண்டு படி கம்பு, எனக்கு ஒரு படி.
"வர்ஜாங், உன் ஒட்டகத்தைவிட நீ மலிவு" என்று
கணக்கன் மெகாஜல் சிரித்தான்.
நானும் சிரித்தேன். மிருகத்துக்கு வயிறு பெரிது.

ஊர் எரிந்து பதினெட்டு நாள்.
நிலாவில் பிறந்த குலம் என்பார்கள்,
நிலாவைப் போலவே ஓரிடத்தில் தங்காது.
ராவல் மஞ்சள் மலையைக் கைகாட்டிவிட்டார்.
கல் அங்கேயே கிடைக்கும்,
கதவுக்கு மரம் கிடைக்காது.
அதனால்தான் நான்.

ஏற்றும் முன் கீல் இருந்த ஓட்டைகளை எண்ணினேன்.
மேல்வரிசை தனோட்டில் துளைத்தது.
அதற்கடுத்து, கரியேறிய வரிசை, தேராவரில்.
கீழே, விரல் விட்டால் இன்னும் சூடு இருப்பதுபோல்
லோத்ரவா.
சாரணர் இந்தப் பெயர்களைப் பாடும்போது
ஒவ்வொரு கோட்டைக்கும் ராவல்கள் வந்து சேருகிறார்கள்.
கதவில் பார்த்தால்
ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் கிளம்புகிறார்கள்.

யானை முட்டாதிருக்க
மார்பளவு நீளத்தில் இரும்பு முள் பதித்த கதவு.
இந்த மணலில் யானை எங்கே?
மணியோசை முன்னே வந்து
யானை பின்னே வருவதற்குள்
தாகத்தில் விழுந்திருக்கும்.
அந்த முள் என் கஜ்ளியின் விலாவைக் குத்தியது.
மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
வேறு துணி இல்லை.
தலைப்பாகையை அவிழ்த்தேன்.
பதினாறு முழம். முள் முள்ளாகச் சுற்றிக் கட்டினேன்.

விடியலில் மலை.
அடிவாரத்தில் காவல்காரன்:
"வெறுந்தலையோடு கோட்டைக்குள் வராதே."
"தலைப்பாகை கதவில் இருக்கிறது, ஐயா."
"அப்படியானால் கதவு போகட்டும். நீ நில்."

நின்றேன்.
வாசலில் கதவே இல்லை,
ஆனாலும் நான் வெளியே.
நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது:
தச்சன் கீம்சி கோல் வைத்து அளந்தான்,
மறுபடி அளந்தான்,
கோலைத் திருப்பிப் போட்டு அளந்தான்.
ஒரு சாண் குறை.
பழைய வாசல் சிறிது, புதிய ஆசை பெரிது.
"வாசலைச் சுருக்கவா, கதவை வளர்க்கவா?"
கல்லைத் தொட மெகாஜல் விடவில்லை.

அடிவாரத்தில் ஒரே ஒரு வன்னி.
என் ஒட்டகங்கள் அதைத்தான் மேய்ந்துகொண்டிருந்தன.
கீம்சி கோடரியோடு இறங்கி வந்தபோது
கஜ்ளியின் வாயில் இன்னும் இலை.
பச்சை மரம், காய்ந்தால் இழுக்கும்,
மழைக்கு முன் பிளக்கும் என்று அவனே சொன்னான்,
வெட்டிக்கொண்டே.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
லோத்ரவாவின் வெற்று வாசலில்
ஆட்டுமயிர்க் கம்பளி ஒன்று தொங்கியது.
விலக்கினால், கிணற்றடியில் ஜம்கூ.
ஊரோடு போகாதவள்.
"இது என்ன கோட்டைக்கதவா?"
"மணல் உள்ளே வருகிறது."
"குதிரைப்படை வந்தால்?"
"அது ராவலைத் தேடி வரும். என்னிடம் என்ன இருக்கிறது,
ஏழு ஆடு, அதில் ஒன்று நொண்டி."

கிணற்றின் குறுக்கே ஒரு பெரிய உத்தரம்,
அதில் உருளை, உருளையில் கயிறு.
உற்றுப் பார்த்தேன். கணையமரம்!
கதவை ஏற்றிய அவசரத்தில்
எல்லோரும் மறந்துவிட்ட கணையமரம்.
அங்கே மலைமேல்
தாழிட மரமில்லாமல் ஒரு கோட்டை
இந்நேரம் கண்விழித்துக் கிடக்கும்.
"இதைக் கேட்டு ஆள் வருவான், ஜம்கூ."
"வரட்டும். தாகமாய் வருவான்.
குடித்துவிட்டுப் பேசட்டும்."

நான்கு ஒட்டகமும் குடித்தன.
ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த மரம் முனகியது.
மூன்று ஊர் வாசலைப் பூட்டிய மரம்,
தோல்வாளியின் கனம் அதற்குப் புதிது.

கம்பை அளந்து பார்த்தேன், அரைப்படி குறைவு.
கணக்கில் தலைப்பாகை இல்லவே இல்லை.
நாளை போய்க் கேட்கலாம்தான்.
வெறுந்தலையோடு உள்ளே விடமாட்டார்கள்.